பன்னிரண்டாம் பக்கத்தில் என்னைக் கொன்றவர்

செய்தி எனக்கு மாலை நான்கு மணிக்கு வந்தது. குடியிருப்பின் காவலாளி தேவராஜ் படியேறி வந்து கதவைத் தட்டினார். "சார், மூணாவது மாடி மேடம் கதவே தொறக்கல சார். பால் பாக்கெட்டு காலைலருந்து அப்டியே தொங்கிகினு கீது. உள்ள பூன மட்டும் கத்திகினே கீது."

அந்தப் பால் பாக்கெட்டை நான் காலை ஏழு மணிக்கே பார்த்தேன். மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறிவிட்டதா என்று பார்க்கப் போகும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை. ஆறு மணிக்கெல்லாம் பாலை எடுத்துவிடுகிறவர் இன்று ஏன் எடுக்கவில்லை என்று தோன்றவும் செய்தது. மணியை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. ஏழு மாதங்களாக நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அதன் காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தச்சரை அழைத்துப் பூட்டை உடைத்தோம். முனைவர் த. மங்கையர்க்கரசி, நாங்கள் மங்கை மேடம் என்று அழைத்தவர், கட்டிலில் வலப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். விடியற்காலையில் தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்க வேண்டும் என்றார் மருத்துவர். குளிர்பதனப் பெட்டியின் கதவில் கண்தான அட்டையை ஒட்டி வைத்திருந்தார். அதிலிருந்த எண்ணுக்கு நான்தான் பேசினேன். வந்த இளைஞர் நேரத்தைக் கேட்டு, தலையை ஆட்டினார். "ஆறு மணி நேரத்துக்குள்ள எடுக்கணும் சார். காலையிலேயே யாராவது பார்த்திருந்தா ரெண்டு பேருக்குப் பார்வை கிடைச்சிருக்கும்." அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார்.

குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் இரங்கல் செய்தியைப் போட்டேன். அதற்கு முந்தைய செய்தி, மறுநாள் தண்ணீர் லாரி வராது என்பது. அடுத்து வந்த பதில் ஒரு கட்டைவிரல். அதற்கும் அடுத்தது ஒரு கேள்வி: "அந்தப் பூனையைப் பிடித்துப் போக ஆள் சொல்லிவிடலாமா?"

ஆவடியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த ஆய்வகத்தின் ஓய்வுபெற்றோர் மலருக்காக அவரைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். பணிச் சிறப்புகளை மட்டும் எழுதுங்கள், பூனை, பேய்க்கதை எல்லாம் வேண்டாம் என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டார். அந்தப் பக்கத்தை வேறு யாராவது எழுதட்டும்.

மங்கை மேடம் பருத்திப்பட்டுக்காரர். ஏரியை ஒட்டி நெல் பயிரிட்ட குடும்பம். நாங்கள் வசிக்கும் இந்த அடுக்குமாடிக் கட்டடமே அவர் தந்தையின் வயலில் எழுந்ததுதான். "என் படுக்கையறைக்குக் கீழதான் சார் எங்க நாத்தங்கால் இருந்தது" என்பார். அந்த வீட்டிலிருந்து படித்து, ஒளியியலில் முனைவர் பட்டம் பெற்று, எங்கள் ஆய்வகத்தில் சேர்ந்தார். கனரக வாகனங்களில் பொருத்தும் நோக்குக் கருவிகளுக்கான வில்லைகளைச் சோதிப்பது எங்கள் பிரிவின் வேலை. நான் அவருக்கு ஓராண்டு முன்பு சேர்ந்தவன்.

முதல் வாரமே அவர் யாரென்று தெரிந்துவிட்டது. நான் சரிபார்த்துக் கையெழுத்திட்ட ஒரு தொகுதி வில்லைகளை எடுத்து, சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் தட்டைக் கண்ணாடி மேல் வைத்தார். வில்லையில் பிழை இல்லையென்றால் வட்ட வட்டமாக வளையங்கள் தெரியும். அன்று தெரிந்தவை ஒரு பக்கம் நசுங்கியிருந்தன.

"இந்தக் கண்ணாடி பொய் சொல்லுது சார்" என்றார். பிறகு என் அறிக்கையைப் புரட்டினார். "நீங்களும்தான்."

நான் அளக்காமலே அளவுகளை நிரப்பியிருந்தேன். அறையில் நான்கு பேர் இருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை. வில்லை விஷயத்தில் அவர் யாருக்கும் குரலைத் தாழ்த்தியதில்லை. கண்ணாடியை விரலால் தொட்ட ஒரு பயிற்சியாளரை அன்று முழுவதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வைத்தவர். இறந்தவர் என்பதற்காக இதை மறைத்தால் அவரே என் எழுத்தைத் திருப்பி அனுப்பியிருப்பார்.

அவருடைய கைப்பையில் எப்போதும் ஒரு மாத நாவல் இருக்கும். ரயில் நிலையக் கடையில் தொங்குமே, அட்டையில் ரத்தக் கறையும் வெள்ளைச் சேலையும் போட்ட வகை. கொலை, பேய், புதையல், செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்தவன் என எதுவானாலும் படிப்பார். சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் தயிர்சாதம், இன்னொரு கையில் பிணம். "இதுல என்ன மேடம் இருக்கு?" என்று ஒரு முறை கேட்டேன்.

"முதல் பக்கத்துலயே ஒருத்தன் செத்துடறான் சார். கடைசிப் பக்கத்துல ஏன்னு தெரிஞ்சிடும். நம்ம ஊர்ல எத்தனை சாவுக்கு அப்படித் தெரியுது?"

அவர் படிப்பதோடு நிற்கவில்லை, எழுதவும் செய்கிறார் என்பதைப் பல வருடங்கள் கழித்துக் கண்டுபிடித்தேன். 'ஜமீன் ராஜதுரை' என்ற பெயரில் வந்த ஒரு திகில் நாவலை ஆவடி நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது வாங்கினேன். பெயர் 'வளையல் அணிந்த கிணறு'. அதில் சம்பந்தம் என்று ஓர் அலுவலர் வருகிறார். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். பொய் சொல்லும்போது இடது காதுமடலைத் தேய்ப்பார். படிக்காமலே கையெழுத்துப் போடுவார். பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு கை அவரைக் கிணற்றுக்குள் இழுத்துவிடுகிறது. ஊரில் ஒருவரும் அவரைத் தேடவில்லை என்று அத்தியாயம் முடிகிறது.

என் பெயர் சம்பத். நான் காதுமடலைத் தேய்ப்பவன் என்று அதுவரை எனக்கே தெரியாது. நடைமேடையில் உட்கார்ந்து என் கை என் காதில் இருப்பதைப் பார்த்தேன். என்னை இவ்வளவு துல்லியமாக அளந்திருக்கக்கூடியவர் ஒருவர்தான்.

மறுநாள் நான் சிரித்துவிட்டு அவரிடமே கேட்டிருக்கலாம். அந்த ஆண்டு எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் பதவி உயர்வு என்று பேச்சு இருந்தது. அந்தப் புத்தகத்தைத் தேநீர் வேளையில் எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். யார் எழுதியது என்பதையும் சொன்னேன். பேய் வரும் இடத்தில் பிரிவுத் தலைவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மங்கை மேடம் வாசலில் நின்று கடைசி இரண்டு வரிகளைக் கேட்டார். "வளையலுக்கு முன்னாடி ஒரு கமா இருக்கு சார். அதை விட்டுட்டீங்க" என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போனார்.

அரசு வேலையில் இருந்துகொண்டு அனுமதியின்றி எழுதியதற்கு விளக்கம் கேட்டு அவருக்கு மெமோ வந்தது. அவருடைய கோப்பு ஒதுக்கி வைக்கப்பட்டது. உயர்வு எனக்குக் கிடைத்தது. அவர் என் அறைக்கு வந்து கை குலுக்கினார்.

"நல்லா கையெழுத்துப் போடுங்க சார். இனிமேலாவது படிச்சிட்டுப் போடுங்க."

அதன் பிறகு எனக்குக் கீழே அவர் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தார். அவர் செய்த கணக்குகளில் என் பெயர் முதலாவதாக வந்தது. அவர் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. நாவல்களை மட்டும் நிறுத்தவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு எழுதினார். எந்தப் பெயர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பூனைகள் வந்தது அவருடைய ஐம்பத்தைந்தாவது வயதில். கண்ணாடிப் பாளங்கள் வந்த மரப்பெட்டியின் வைக்கோலுக்குள் மூன்று குட்டிகள் கிடந்தன. தாயைக் காணோம். வெளியே கொண்டுபோய் விடச் சொல்லி நான் உத்தரவிட்டேன். மேடம் சாப்பாட்டுப் பையைக் காலி செய்து மூன்றையும் அதில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறினார். கருப்பு ஆண் இன்ஸ்பெக்டர். கொழுத்த செவலை ஜமீன்தார். வெள்ளையும் சாம்பலுமான சின்னப் பெண் நர்ஸம்மா. "இந்த மூணு பேரும் இல்லாம ஒரு மாத நாவல் நகருமா சார்?"

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தம்பி ஏகாம்பரம் நில வியாபாரத்தில் இருந்தார், தீபாவளிக்கு வருவார். நானும் மனைவியும் இதே கட்டடத்தில் முதல் மாடியில் வீடு வாங்கியபோது, மேடம் மாற்றுச் சாவி ஒன்றை எங்களிடம் கொடுத்தார். "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா பூனைங்க உள்ள மாட்டிக்கும்" என்றார். என்னிடம் ஏன் கொடுத்தார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நான் செய்ததை எல்லாம் அவர் தூக்கி எறிந்துவிட்டார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். வேறு ஆள் இல்லை என்பதுதான் உண்மை.

ஓய்வுக்குப் பிறகு ஒரு நாள் காபி குடிக்க அழைத்தார். சன்னல் திரையை இழுத்துவிட்டு, டார்ச்சைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அடித்தார். அலமாரிக்கு அடியில் ஆறு பச்சை விளக்குகள் எரிந்தன.

"அதுங்க கண்ணுக்குப் பின்னாடி ஒரு கண்ணாடி இருக்கு சார். முதல் தடவை பார்க்காம தப்பவிட்ட வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி இன்னொரு தடவை பார்க்கும். நமக்கு அது கிடையாது. நாம ஒரு தடவைதான் பார்ப்போம், அதையும் பாதிதான் பார்ப்போம்." இதைச் சொன்னபோது அவர் முகம் இருபது வயதுப் பெண்ணின் முகமாக இருந்தது.

அறுபத்திரண்டில் அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. செவ்வாயும் வெள்ளியும் அம்பத்தூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனைக்கு டயாலிசிஸுக்குப் போவார். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் இரண்டு மணிக்கு வெளிறிப்போய்த் திரும்புவார்.

அந்தச் சமயத்தில்தான் குடியிருப்போர் சங்கத்தில் பூனைப் பிரச்சினை கிளம்பியது. கார் உறையில் கீறல். படிக்கட்டில் ரோமம். ஒரு குழந்தையைப் பூனை பிறாண்டிவிட்டது என்றார்கள். அது தெருப் பூனை என்பது அந்தக் குழந்தையின் தாய்க்கே தெரியும். நான் செயலாளர். தீர்மானத்தை என் கையாலேயே எழுதினேன். யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும் என்று பேச்சு வந்தபோது, சொன்னால் கேட்கிற ஆள் இல்லை என்றேன். பிறகு நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வெள்ளிக்கிழமை காலையில அவங்க இருக்க மாட்டாங்க. சாவி என்கிட்ட இருக்கு."

ஒருவன் கோணிப்பையோடு வந்தான். கதவைத் திறந்துவிட்டவன் நான். இன்ஸ்பெக்டர் என்னைத் தெரிந்தவன் என்பதால் ஓடவில்லை. என் காலில் வந்து உரசினான். மூன்றையும் கட்டி, சுமை ஆட்டோவில் ஏற்றி, சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலை ஓரமாக விட்டுவிட்டு வந்தார்கள்.

மதியம் அவர் வந்து கேட்டபோது, எரிவாயு உருளை போட வந்தவன் கதவைச் சரியாகச் சாத்தாமல் போயிருக்கலாம் என்றேன். டயாலிசிஸ் முடிந்த கையில் கட்டோடு அவர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "தேடலாம் மேடம்" என்று நானே சொன்னேன். அந்த நிமிடத்தில் எனக்கு அவர் மேல் உண்மையாகவே இரக்கம் இருந்தது. இதையும் எழுதிவிட வேண்டும்.

ஒன்பது நாட்கள் என் காரில் அழைத்துப் போனேன், மருத்துவமனைக்குப் போகிற நாட்களிலும்கூட. பொழுது சாயும் நேரத்தில் கிளம்புவோம். பருத்திப்பட்டு ஏரிக்கரை, ஆவடி நிலையத்தின் பின்புறம், காவலர் குடியிருப்பு, பூந்தமல்லி சந்தை. அவர் மீன் பொரித்த வாசனையுள்ள ஒரு துணியைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "இன்ஸ்பெக்டர்! ஜமீன்தார்!" என்று ஒரு வயதான அம்மாள் கூவுவதைக் கேட்டுச் சந்தைக்காரர்கள் சிரித்தார்கள்.

நான் டார்ச்சை இடுப்பருகில் பிடித்திருந்தேன். "அப்படிப் பிடிச்சா தெரியாது சார். கண்ணுக்குப் பக்கத்துல பிடிங்க. வெளிச்சம் போன வழியேதான் திரும்பி வரும்" என்று என் கையை உயர்த்தி வைத்தார். உயர்த்திப் பிடித்தேன். அங்கே எந்தக் கண்ணும் இருக்காது என்று தெரிந்தேதான் பிடித்தேன். கண்டுபிடித்துவிட்டால் மூன்றும் திரும்பி வந்துவிடும். கதவைத் திறந்தது யார் என்ற பேச்சும் வரும்.

ஒன்பதாம் நாள், பூந்தமல்லியிலிருந்து திரும்பும் வழியில், அவர் முன்னால் பார்த்தபடியே பேசினார்.

"சார், நாலு திசையிலயும் தேடிட்டோம். சென்னீர்குப்பம் மட்டும் போகல. நான் ரெண்டு தடவை கேட்டேன். ஒரு தடவை பெட்ரோல் இல்லன்னீங்க. ஒரு தடவை டிராஃபிக்னீங்க."

என் இடது கை காதுமடலுக்குப் போனது.

"எரிவாயுக் கடைக்கு போன் போட்டேன். வெள்ளிக்கிழமை யாரும் வரல. பூட்டு உடையல. இன்னொரு சாவி ஒருத்தர்கிட்டதான் இருக்கு. எத்தனை கொலை எழுதியிருப்பேன் சார். தேடுறவன் எந்த இடத்துக்குப் போக மாட்டேங்கிறானோ, பிணம் அங்கதான் இருக்கும். வண்டியத் திருப்புங்க."

திருப்பினேன்.

நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் மேடத்தின் கேள்வியைக் கேட்டதும் எழுந்து, அடுக்கியிருந்த லாரி டயர்களைக் காட்டினார்.

"கறுப்பு அன்னிக்கே பூட்ச்சி மேடம். ரோட்டத் தாண்டும்போது. மீதி ரெண்டும் இங்கதான் சுத்திகினு இருந்துச்சி. நாய் தொரத்தும், வந்து டயருக்குள்ள பூந்துக்கும். செவல நேத்து சாயங்காலம் லாரில மாட்டிக்கிச்சி. இது அப்பவே கால இழுத்துகினு உள்ள போச்சி, இன்னும் வரல."

"நேத்தா?" என்று கேட்டார் மேடம்.

"ஆமா மேடம். நேத்து வந்திருந்தா ரெண்டா தூக்கினு போயிருப்பீங்க."

நேற்று நாங்கள் ஏரிக்கரையில் இருந்தோம். நான்தான் அங்கே போகலாம் என்றேன்.

மேடம் தரையில் மண்டியிட்டு டயருக்குள் கையை விட்டார். நர்ஸம்மா கடித்தது. கடித்த கையை அவர் எடுக்கவில்லை. டயாலிசிஸ் ஊசி ஏறும் கை அது. வெளியே எடுத்தபோது பின்னங்கால் தோலில் தொங்கியது. முந்தானையில் சுற்றிக்கொண்டு காரில் ஏறினார். கால்நடை மருத்துவரிடம் போய், அந்தக் காலை அறுத்து எடுத்து, வீடு திரும்பும்வரை அவர் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வாசலில் இறங்கியதும் கையை நீட்டினார். "சாவி." கொடுத்தேன்.

"உங்களைப் பன்னிரண்டாம் பக்கத்துலயே கொன்னது தப்பு சார். கடைசிப் பக்கம் வரைக்கும் வெச்சிருந்திருக்கணும்."

அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசி வாக்கியம். பின்பு ஏழு மாதங்கள் படிக்கட்டில் எதிரெதிரே வருவோம். அவர் சுவரைப் பார்த்தபடி ஒதுங்கி நின்று வழி விடுவார். எஞ்சிய பூனையையும் அகற்றும்படி சங்கம் அவருக்கு இரண்டு கடிதங்கள் அனுப்பியது. இரண்டிலும் செயலாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருந்தது. அவர் பதில் போடவில்லை. மூன்றாவது கடிதம் என் மேசையில் தயாராக இருந்தபோதுதான் அந்த மாலை நான்கு மணி வந்தது. அவர் கையில் சாவியைக் கொடுக்காமல் இருந்திருந்தால் பூட்டை உடைக்க வேண்டியிருந்திருக்காது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஏகாம்பரம் வீட்டைக் காலி செய்தார். நாவல்கள் பதினான்கு அட்டைப்பெட்டிகள் இருந்தன. பழைய பேப்பர்காரரின் வண்டியில் ஏற்றினார். அவற்றில் மேடமே எழுதியவையும் இருக்கும், பார்த்து எடுத்து வைக்கலாமே என்றேன்.

"இன்னா சார் நீங்க. அக்கா பெரிய சயின்டிஸ்டுன்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீறோம். இதெல்லாம் எழுதுச்சின்னு தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்களா?"

ஒரு காலத்தில் அப்படிச் சிரிக்க வைத்தவன் நான்தான். மேடம் வைத்திருந்த கைவில்லை ஒன்றை ஏகாம்பரத்தின் மனைவி எடுத்து, விரலால் துடைத்து, ஜோசியருக்குப் பயன்படும் என்று பையில் போட்டுக்கொண்டார். பூனையைச் சாலையில் விட்டுவிடச் சொன்னார்கள். நான் கீழே எடுத்து வந்தேன். என் மனைவி ஒரு கிண்ணத்தில் பாலை ஊற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். சங்கத்திலிருந்து எனக்கு நேற்று கடிதம் வந்திருக்கிறது. வாசகங்கள் நான் எழுதியவை. கையெழுத்து மட்டும் நான் விலகியபின் வந்த புதிய செயலாளருடையது.

மேடம், நீங்கள் மன்னிக்கிறவர் அல்ல. அதனால் நான் அதைக் கேட்கவில்லை. நீங்கள் அளந்த அளவுகளின் மேல் என் பெயரைப் போட்டேன். நம்பிக் கொடுத்த சாவியால் உங்கள் கதவைத் திறந்துவிட்டேன். ஒன்பது நாட்கள் உங்களைத் தப்பான திசைகளில் சுற்றவிட்டேன். கடைசியில் உங்கள் கதவைக் கடந்து இரண்டு முறை போனேன். உங்களை அறிந்தவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும். அறியாதவர்கள், கண்ணாடி சொல்லும் பொய்யைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒருவர் பருத்திப்பட்டில் வாழ்ந்தார் என்று தெரிந்துகொள்ளட்டும். போய் வாருங்கள்.

நர்ஸம்மா என் வீட்டில் சாப்பிடுகிறது, தூங்குகிறது. தினமும் மாலையானால் இரண்டு மாடி ஏறிப்போய், பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்துகொள்கிறது. நான் போய்த் தூக்கும்போது கடிப்பதில்லை, பிறாண்டுவதில்லை. உடம்பு மரக்கட்டைபோல் விறைத்துக்கொள்கிறது. கீழே இறக்கிவிடும்வரை அப்படியே இருக்கிறது. அடுத்த மாதம் அந்த வீட்டுக்கு வேறு குடும்பம் வருகிறது.

இப்போது மணி ஆறு. மூன்று கால்கள் படியேறும் சத்தம் கேட்கிறது. நான் எழுந்து போக வேண்டும்.